எதற்காகக் கும்பிடுகிறோம்: ஆன்மிக வளர்ச்சியையும் அதன் உள்நோக்கத்தையும் சோதித்தறியும் முறை

ஆன்மிகத்தில் தாம் உண்மையாகவே வளர்கிறோமா என்ற ஐயம், அன்றாடம் தியானத்தில் அமர்பவருக்கும், மண்டல விரதம் இருப்பவருக்கும், பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குச் செல்பவருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் எழத்தான் செய்கிறது. அப்போது பெரும்பாலோர் எத்தனை ஆண்டுகளாகச் செய்து வருகிறோம், மந்திரத்தை எத்தனை லட்சம் உரு ஏற்றியிருக்கிறோம், கண்ணை மூடினால் என்னென்ன தெரிகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இந்தக் கணக்கு பயிற்சியின் அளவைச் சொல்லும்; அந்தப் பயிற்சி எதற்காக நடக்கிறது என்பதைச் சொல்லாது. தொடக்கத்தில் இருந்த உள்நோக்கம் ஆண்டுகள் செல்லச் செல்ல மாறுகிறதா, இல்லை அதே நோக்கம் வேறு உடை உடுத்திக்கொண்டு நிற்கிறதா என்பதைப் பார்த்தால்தான் வளர்ச்சி தெரியும் என்பது என் கருத்து. அதைப் பார்க்கும் முறையைச் சைவ மரபிலிருந்து, குறிப்பாகத் திருநாவுக்கரசர் வரலாற்றிலிருந்து எடுத்துக் கூறுகிறேன். வேறு சமயத்தினரும், எந்தச் சமயமும் வேண்டாம், தியானம் மட்டும் போதும் என்பவர்களும் இதைத் தம் வழிக்கு ஏற்பப் பொருத்திக்கொள்ளலாம்.

வந்த காரணத்தை எழுதிக்கொள்ளுதல்

முதலில் இந்த வழிக்கு வந்த காரணத்தை ஒரு தாளில் எழுத வேண்டும். கேட்பவர்களிடம் சொல்வதற்காக வைத்திருக்கும் காரணத்தை எழுதக் கூடாது. ‘இறைவனை அடைய’, ‘பிறவிப் பிணி தீர’ என்று எழுதத் தோன்றினால் அதை அடித்துவிட்டு, பயிற்சியைத் தொடங்கிய அந்த ஆண்டில் வீட்டிலும் வேலையிலும் என்ன நடந்தது என்பதை எழுதினால் போதும். கடன் கழுத்தை நெரித்திருக்கலாம், திருமணம் முறிந்திருக்கலாம், பெற்றவரைப் பறிகொடுத்திருக்கலாம், இரவில் உறக்கம் வராமல் இருந்திருக்கலாம், உடன் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு யோக வகுப்புக்குப் போனதால் தாமும் போயிருக்கலாம். குடும்பத்தில் தமக்குக் கிடைக்காத மதிப்பு ஒரு மன்றத்தில் கிடைத்தது என்பதும் பலருக்கு உண்மையான காரணம். அதை எழுதுவதுதான் மிகவும் கடினமாக இருக்கும்.

இவற்றில் எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயம், இறைவனை வழிபட வருபவர்களைத் துன்பப்பட்டவன், அறிய விரும்புபவன், பொருளை விரும்புபவன், ஞானி என நான்காக வகுக்கிறது. அவர்களுள் ஞானியை உயர்த்திச் சொன்னாலும், நால்வருமே நல்லவர்கள் என்றுதான் கூறுகிறது. பொருள் கேட்டு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை.

நாவுக்கரசர் வந்ததும் வலி பொறுக்க முடியாமல்தான். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், உயர்ந்த நிலையில் இருந்தவரைச் சூலை நோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பலிக்காத நிலையில், திருவதிகையில் கோயில் பணி செய்துகொண்டிருந்த தமக்கை திலகவதியாரைத் தேடிவந்து, அவர் கொடுத்த திருநீற்றை அணிந்து, வீரட்டானக் கோயிலின் முன் நின்று பாடினார். ‘கூற்றாயினவாறு விலக்ககலீர்’ என்று தொடங்கும் அந்தப் பதிகத்தில் வீடுபேற்றுக்கான வேண்டுதலைக் காட்டிலும், குடலைத் துடக்கி முடக்கும் வலியைத் தாங்க முடியவில்லை என்ற கதறலே ஓங்கி ஒலிக்கிறது. சைவ உலகின் பெரும் பயணங்களில் ஒன்று வயிற்று வலியில் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நம் தாளில் இருக்கும் காரணத்தைப் பார்த்து நாணத் தேவையிருக்காது.

தாளில் தேதியிட்டு, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

பொன்னைக் கண்ட இடத்தில்

அடுத்த படி, அந்தக் காரணம் இன்றைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது. இங்கே மூன்று விதமான விளைவுகள் இருக்கலாம். வந்த துன்பம் தீர்ந்ததும் பயிற்சியும் நின்றுபோவது ஒன்று. இதில் குற்றம் ஏதுமில்லை, மருந்து வேலை செய்தது, அவ்வளவுதான். துன்பம் தீர்ந்த பிறகும் பயிற்சி தொடர்கிறது, ஆனால் பழைய ஆசையின் இடத்தில் வேறோர் ஆசை வந்து அமர்ந்துகொள்கிறது என்பது இரண்டாவது. பணம் கேட்டவர் இப்போது மரியாதை கேட்கிறார். மரியாதை கிடைத்தவர் சித்தி என்னும் அதிசய ஆற்றலைக் கேட்கிறார். சித்தி கேட்டவர் தம்மைப் பார்த்தவுடன் பிறர் அமைதியடைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். மூன்றாவது, கேட்பதே மெல்லக் குறைந்து, செய்வது கூடுவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதில் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் அதே திருநீறு, அதே ஜபமாலை, அதே அதிகாலை எழுச்சி.

நாவுக்கரசரிடம் நிகழ்ந்தது மூன்றாவது. நோய் நீங்கியதும், தம்மை இந்த அருளுக்கு ஆளாக்கிய சூலைக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று அவர் உருகியதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். அதன்பின் அவர் எடுத்துக்கொண்டது உழவாரம் என்னும் சிறு கருவியை. கோயில் திருச்சுற்றில் முளைக்கும் புல்லைச் செதுக்குவது அவர் பணி. வலியை நீக்கு என்று கதறித் தொடங்கியவர், ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று பாடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த அடிக்கு முன்னால், தன்னைத் தாங்குவது இறைவனின் கடன் என்று ஒரு பாதியும் இருக்கிறது. தன் பங்கைத் தான் பார்த்துக்கொண்டு, மற்றதைப் பற்றிய கவலையை விட்டுவிடுகிறார்.

முதுமையில், திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின என்றும், அவற்றைப் பருக்கைக் கற்களோடு கற்களாக உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் கூறும். பின்னர் வானுலக மகளிர் ஆடிப்பாடி வந்தும் அவர் சித்தம் திரியவில்லை. இதைப் படிப்பவர்கள் பொன்னைத் தொடாமல் இருப்பதே உயர்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதே நாவுக்கரசர் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் நாள்தோறும் படியாக அளித்த பொற்காசைப் பெற்று அடியவர்களுக்கு அமுது அளித்தார். உடனிருந்த ஞானசம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றும்போது கடைக்காரர்கள் வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். நாவுக்கரசரின் காசுக்கு வட்டமில்லை, அவர் கைத்தொண்டு செய்தவர் என்பது காரணம் என்று புராணம் விளக்குகிறது. வீழிமிழலையில் பசித்த வயிறுகள் இருந்தன, ஆகவே பொன் தேவைப்பட்டது; புகலூரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை, ஆகவே அது கல். ஒரு பொருளைத் தொட்டாரா விட்டாரா என்பதைவிட, அதை எதற்காகத் தொட்டார், எதற்காக விட்டார் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் படிப்பதே சரி. நம் ஊரில் பணத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தம் பின்னால் வரும் உதவியாளரிடம் அதை வாங்கி வைக்கச் சொல்பவர்களை இந்த அளவுகோலால் எடைபோடுவது எளிது. நம்மையே எடைபோடுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

அன்றாடத்தில் செய்யத்தக்க சோதனைகள்

உள்நோக்கத்தை நேரடியாகப் பார்க்க முடியாது. மனம் தன்னைப் பற்றித் தானே தரும் சாட்சியம் பெரும்பாலும் தனக்குச் சாதகமாகவே இருக்கும். ஆகவே நோக்கம் வெளிப்படும் தருணங்களை உண்டாக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு பணியை யாருக்கும் தெரியாமல் செய்து பார்ப்பது இவற்றுள் முதன்மையானது. கோயிலில் உழவாரப்பணிக் குழுவோடு போய்த் திருச்சுற்றைச் சுத்தம் செய்கிறவர், குழுப் படம் எடுக்கும் நேரத்தில் வேறு பக்கம் போய்விடலாம். அன்னதானத்துக்குப் பணம் தருபவர், பலகையில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை அந்தப் பலகையைப் பார்க்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கவனிக்கலாம். விரதம் இருப்பவர் அதை வீட்டாரைத் தவிர யாரிடமும் சொல்லாமல் இருந்து பார்க்கலாம். சொல்ல வேண்டும் என்ற துடிப்பு எவ்வளவு வலுவாக எழுகிறதோ அவ்வளவுக்கு அந்த விரதம் பிறருக்காக இருந்திருக்கிறது என்று பொருள். துடிப்பு எழுவதே தோல்வி என்று எண்ண வேண்டாம். அது எழுந்ததைப் பார்த்ததே இந்தச் சோதனையின் பயன்.

இரண்டாவதாக, வீட்டில் நடந்துகொள்ளும் முறையைப் பார்க்க வேண்டும். மன்றத்தில் இனிமையாகப் பேசுபவர், காபி ஆறிப்போனதற்காக வீட்டில் எரிந்துவிழுகிறாரா? பூசை நேரத்தில் பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினால் முகம் சுளிக்கிறாரா? மூத்தவர்களின் மருந்துச் செலவை உடன்பிறந்தவர்கள் தலையில் கட்டிவிட்டு யாத்திரை போகிறாரா? இந்தக் கேள்விகளுக்கு நாமே விடை எழுதக் கூடாது. மனைவியையோ கணவரையோ வளர்ந்த பிள்ளையையோ கேட்க வேண்டும். ‘நான் இதைத் தொடங்கிய பிறகு என்னோடு இருப்பது உங்களுக்கு எளிதாகியிருக்கிறதா, கடினமாகியிருக்கிறதா?’ என்ற ஒரே கேள்வி போதும். பதிலைக் கேட்டுவிட்டு விளக்கம் சொல்லாமல் எழுந்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், எல்லாச் சோதனைகளிலும் ஏமாற்ற இடமில்லாதது இதுதான்.

மூன்றாவது பொறாமை பற்றியது. நமக்குப் பின்னால் வந்த ஒருவர் நம்மைவிட ஆழ்ந்து போகிறார், ஆசிரியர் அவரை அருகில் அழைத்துப் பேசுகிறார் என்னும்போது மனம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பொருள் சம்பாதிப்பவனின் பொறாமையை அவனே பொறாமை என்று ஒப்புக்கொள்வான். ஆன்மிகத்தில் அதே பொறாமை, ‘அவருக்கு இன்னும் பக்குவம் போதாது’ என்ற அக்கறையின் குரலில் பேசும்.

நான்காவதாகத் துறவு பற்றிய பெருமை. திருவிடைமருதூரில் ஒரு கோபுர வாசலில் பட்டினத்தாரும் மற்றொரு வாசலில் பத்திரகிரியாரும் இருந்தார்கள் என்றும், பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், ‘நான் ஒன்றுமில்லாதவன், அந்த வாசலில் ஒரு குடும்பி இருக்கிறான், அவனிடம் கேள்’ என்று சொல்லி அனுப்பினார் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. பத்திரகிரியார் வைத்திருந்தது ஒரு பிச்சை ஓடும், கூடவே சுற்றிய ஒரு நாயும். அரசாட்சியையே விட்டு வந்தவருக்கு ஓடு சொத்தாகிவிட்டது. கதையின் முடிவில் அவர் எறிந்த ஓடு பட்டு அந்த நாய் இறப்பதை என்னால் ஒப்ப முடிவதில்லை. ஆனால் கதை சுட்டும் நோய் உண்மையானது: இன்று பலருக்கு ஓட்டின் இடத்தில் ‘நான் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை’ என்ற வாக்கியம் இருக்கிறது.

ஒளியும் ஒலியும் தெரிந்தால்

தியானத்தில் நீண்ட நேரம் அமர்பவர்களுக்கு ஒளி தெரிவது, உடல் லேசாவது, ஓசை கேட்பது, காரணமின்றிக் கண்ணீர் வருவது போன்றவை நேரலாம். இவற்றை வளர்ச்சியின் சான்றாகவும் கொள்ள வேண்டாம், பிரமை என்று பயந்து விலக்கவும் வேண்டாம். குறித்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தால் போதும். தாயுமானவர் ஒரு பாடலில் மதயானையை வசமாக நடத்தலாம், கரடி, புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகின்மேல் ஏறலாம், நீர்மேல் நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கும் திறமே அரிது என்று முடிக்கிறார். வியக்க வைப்பவை எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, வியப்பே இல்லாத ஒன்றை மறுபக்கம் வைத்து, இரண்டாவதே கடினம் என்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கட்டளையிடும் குரல்கள் கேட்பது, பல நாள் உறங்காமலேயே உற்சாகம் பொங்குவது, உணவை வெறுப்பது, வாழ விருப்பமின்மையைப் பற்றின்மை என்று சொல்லிக்கொள்வது ஆகியவை தென்பட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை ஆன்மிகக் குறைவாகக் கருதித் தள்ளிப்போடும் குடும்பங்கள் பெரிய துன்பத்தில் முடிகின்றன.

வறண்ட காலமும் வரும். ஓதும் பாட்டு நாவில் நிற்கும், நெஞ்சில் இறங்காது. தன் பக்தியே பொய்யோ என்று தோன்றும். அப்போது மாணிக்கவாசகரை நினைத்துக்கொள்ளலாம். சைவ நால்வருள் நாவுக்கரசரைக் கோயில் தொண்டாகிய சரியைக்கும், சம்பந்தரைப் பூசையாகிய கிரியைக்கும், சுந்தரரை யோகத்துக்கும், மாணிக்கவாசகரை ஞானத்துக்கும் உரியவர்களாகச் சொல்வது மரபு. ஞானத்துக்கு உரியவராகப் போற்றப்படும் அவர்தான், ‘யானே பொய் என் நெஞ்சும் பொய் என் அன்பும் பொய்’ என்று பாடுகிறார். உள்ளே வெளிச்சம் கூடும்போது தூசியும் கூடுதலாகத் தெரிகிறது. தன் பொய்மை முன்பைவிடத் தெளிவாகத் தெரியத் தொடங்குவது பின்னடைவாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அது முன்னேற்றமே. ஆனால் அந்த வரியை மேடையில் அடிக்கடி சொல்லித் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் வேறு. அது புகழ் கேட்பதன் இன்னொரு வழி.

ஆசிரியரைச் சோதித்தல்

தன் நோக்கத்தைச் சோதிப்பதோடு, வழிகாட்டுபவரின் நோக்கத்தையும் சோதிக்க நமக்கு உரிமை உண்டு. உரையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். சமையற்கட்டில் வேலை செய்பவர்களிடமும், காரோட்டியிடமும், அமைப்பை விட்டு விலகியவர்களிடமும் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை விசாரிக்க வேண்டும். கணக்கு கேட்டால் காட்டுகிறார்களா, குடும்பத்திலிருந்து பிரிக்கிறார்களா, தனியே வரச் சொல்கிறார்களா, ‘இதை வெளியில் சொல்லாதே’ என்கிறார்களா என்பவற்றுக்குக் கிடைக்கும் விடை போதுமானது. திருவண்ணாமலையில் 1924ஆம் ஆண்டு ரமணரின் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து அவரையும் தொடையில் அடித்தபோது, திருப்பி அடிக்கப் புறப்பட்ட அடியவர்களை அவர் தடுத்தார். அதே ரமணர், பின்னாளில் விடியலுக்கு முன்னரே எழுந்து சமையற்கட்டில் காய்கறி நறுக்கினார். அடிபட்ட இரவையும் காய் நறுக்கிய விடியல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எளிய வேலையில் காணப்படாத ஒரு பண்பு நெருக்கடியில் மட்டும் திடீரெனத் தோன்றுவதில்லை.

மீண்டும் தாளை எடுக்கும்போது

ஓராண்டு கழித்து, முதலில் எழுதிய தாளை எடுத்து, அதன் கீழே இன்றைய காரணத்தை அதே நேர்மையோடு எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் பயிற்சியை விட வேண்டியதில்லை. ஒருவேளை அந்தத் துன்பம் இன்னும் தீராமல் இருக்கலாம். மருத்துவத்தாலோ, வழக்கறிஞராலோ, கடன்காரரிடம் நேரில் பேசுவதாலோ தீரக்கூடியது என்றால் அதை அந்த வழியில் தீர்த்துக்கொள்வதே நல்லது. தியானத்தின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது. காரணம் மாறி, மாறிய காரணம் முன்னதைவிடப் பெருமைக்குரியதாகத் தோன்றினால், மேலே சொன்ன மறைவான பணியை அந்த ஆண்டு சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். எழுத எதுவுமே தோன்றாமல், பழக்கமாகிவிட்டது, செய்கிறேன் என்று மட்டும் எழுத வந்தால், அதைச் சலிப்பு என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். வீட்டாரிடம் கேட்ட அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுப் பார்த்தால் அது சலிப்பா, கேட்பது நின்றுபோனதா என்று தெரிந்துவிடும்.

நிலுவையில் இருக்கும் நேர்த்திக்கடன்கள் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. பேரம் பேசி வழிபடும் கட்டத்தைத் தாண்டிவிட்டோம், ஆகவே முன்பு வேண்டிக்கொண்ட முடியிறக்கத்தையும் காவடியையும் விட்டுவிடலாமா என்பது அவர்கள் கேள்வி. விடக் கூடாது. வாக்குக் கொடுத்தவர் நாம். கொடுத்த காலத்தில் நோக்கம் எப்படியிருந்தாலும் வாக்கு வாக்குதான். போய்ச் செலுத்திவிட்டு, புதிதாக எதையும் வேண்டிக்கொள்ளாமல் வந்துவிடலாம்.